அட்லாண்டாவிலிருந்து ஒருநாள் பயணம்: சின்ன ஊருக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு வருவது எப்படி?

அட்லாண்டாவின் புறநகர்களான ஆல்ஃபரெட்டா, கம்மிங் பக்கம் புதிதாகக் குடிவந்த நம்மவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் என்னிடம் கேட்பது இதுதான்: "அக்வேரியம் பார்த்தாச்சு, ஸ்டோன் மவுண்டன் ஏறியாச்சு. இந்தச் சனிக்கிழமை எங்கே போகலாம்?"

சின்ன ஊருக்குப் போங்கள். நம் ஜார்ஜியா மாநிலத்தில் 159 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் போன்றவை) இருக்கின்றன. அவற்றின் தலைநகர்களில் பலவும் ஒரே சாயலில் இருக்கும். நடுவில் பழைய கோர்ட் கட்டடம், அதைச் சுற்றிச் சதுக்கம், வரிசையாகக் கடைகள், பக்கத்தில் எங்காவது உள்ளூர்க்காரர்கள் தினமும் சாப்பிடும் ஒரு கடை. அந்தக் கடையில் மதியச் சாப்பாடு சாப்பிடாமல் திரும்பினால் ஊரைப் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். அதனால் நான் சொல்லும் முறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதன் முன்னும் பின்னும் வைக்கிறோம்.

படி 1: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

முதல் தடவைக்கு டலோனகா போதும். அட்லாண்டாவிலிருந்து வடக்கே சுமார் 65 மைல். ஜிஏ 400 சாலையிலேயே பெரும்பகுதி போய்விடலாம். ஆல்ஃபரெட்டாவில் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பழகிய பிறகு கிழக்கே ஐ-20 சாலையில் மேடிசன் போகலாம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய பெரிய வீடுகள் இன்றும் நிற்கும் ஊர். ஆப்பிள் வேண்டுமென்றால் இலையுதிர் காலத்தில் எலிஜே. பீச் பழம் வேண்டுமென்றால் மே பாதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் தெற்கே ஃபோர்ட் வேலி.

ஒரே நாளில் இரண்டு ஊர் வேண்டாம். காரில் உட்கார்ந்திருப்பதுதான் மிஞ்சும்.

படி 2: கடை திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள்

கோயிலுக்குப் போகும்போது நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொண்டுதானே வீட்டை விட்டுக் கிளம்புகிறோம்? அதே கவனம் இங்கேயும் வேண்டும். உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகள் பல 11 மணிக்குத் திறந்து 2 அல்லது 3 மணிக்கு மூடிவிடும். திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகள் உண்டு, ஞாயிறு விடுமுறை விடும் கடைகளும் உண்டு. இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி இருக்க வேண்டாம். கிளம்பும் அன்று காலையில் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்த வருடம் இதைச் செய்யாமல் போனோம். போய்ச் சேரும்போது மணி மூன்றேகால். கதவைத் திறந்த பெண்மணி மிகவும் வருத்தப்பட்டார், ஆனால் அடுப்பை அணைத்துவிட்டார்கள். காலையில் இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டிருந்த அம்மாவுக்குச் சதுக்கத்தில் ஐஸ்கிரீம்தான் வாங்கிக் கொடுக்க முடிந்தது. எனக்கு இன்றும் அது மனசில் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் இன்னொன்று. சர்ச் முடிந்து 12 மணிக்கு மேல் ஊரே சாப்பிட வரும். 11 மணிக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் நிம்மதி. வயதானவர்கள் 'சண்டே டின்னர்' என்று சொன்னால் அது மதியச் சாப்பாடு. இரவுச் சாப்பாட்டை அவர்கள் 'சப்பர்' என்பார்கள். யாராவது டின்னருக்கு அழைத்தால் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் டலோனகாவில் 'கோல்டு ரஷ் டேஸ்' திருவிழா நடக்கும். கூட்டம் பிடிக்கும் என்றால் போகலாம். முதல் பயணத்துக்கு வேண்டாம்.

படி 3: காலையில் ஊரைச் சுற்றுங்கள்

எட்டு எட்டரைக்குக் கிளம்புங்கள். மலைச்சாலைகளில் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

டலோனகா சதுக்கத்தின் நடுவே 1836-இல் கட்டிய பழைய கோர்ட் கட்டடம் இப்போது தங்க அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். 1828-29 வாக்கில் இந்தப் பக்கத்தில் தங்கம் கிடைத்த செய்தி பரவி, ஆயிரக்கணக்கானவர்கள் மண்வெட்டியும் தட்டுமாக வந்து குவிந்தார்கள். 1838-இல் மத்திய அரசு இங்கேயே ஒரு நாணயச் சாலையைத் திறந்தது, அது 1861 வரை நடந்தது. இங்கே அடித்த நாணயங்களில் 'டி' என்ற எழுத்து இருக்கும். அருங்காட்சியகத்தில் பிள்ளைகளிடம் அதைத் தேடச் சொல்லுங்கள்.

இன்னொரு கதையையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். டலோனகா என்பது மஞ்சள் நிறத்தைக் குறிக்கும், செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் சொல்லிலிருந்து வந்த பெயர். இந்த மண் செரோக்கி மக்களுடையது. 1832-இல் மாநில அரசு அவர்கள் நிலத்தைச் சீட்டுக் குலுக்கிப் பங்குபோட்டது. நாணயச் சாலை திறந்த அதே 1838-இல் அவர்களைப் படையை வைத்து மேற்கே விரட்டினார்கள். போகிற வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். ஊரின் பெயரில் மட்டும் அவர்கள் மொழி தங்கியிருக்கிறது.

வெளியே வந்தால் சற்றுத் தள்ளிப் பல்கலைக்கழகக் கட்டடத்தின் கோபுரம் தங்கத் தகடு போர்த்தி மின்னும். பழைய நாணயச் சாலையின் அஸ்திவாரத்தின் மேல்தான் அந்தக் கட்டடம் நிற்கிறது. அட்லாண்டா தலைமைச் செயலகத்தின் குவிமாடத்துக்கும் 1958-இல் இந்த ஊர் மக்கள் தங்கம் கொடுத்தார்கள், கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் கன்சாலிடேட்டட் சுரங்கத்துக்குள் கூட்டிப்போய், தட்டில் மணல் அலசித் தங்கத்துகள் தேட விடுங்கள். எப்படியும் 11 மணிக்குச் சாப்பாட்டுக் கடை வாசலில் இருக்க வேண்டும்.

படி 4: எங்கே உட்காருவது, என்ன கேட்பது

தென்மாநிலச் சின்ன ஊர்களில் சாப்பாட்டுக் கடைகளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வகை 'ஃபேமிலி ஸ்டைல்'. இங்கே மெனு பார்த்து ஆர்டர் செய்ய வேண்டியதில்லை. நம் பந்தி மாதிரி, உட்கார்ந்ததும் எல்லாம் வரும். பொரித்த கோழி, காய்கள், பிஸ்கெட், சோளரொட்டி எல்லாம் கிண்ணம் கிண்ணமாக மேசை நடுவில் வைப்பார்கள். பரிமாற ஆள் கிடையாது. கிண்ணத்தை எடுத்து, வேண்டியதைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். காலியானால் கேளுங்கள், நிரப்பித் தருவார்கள். தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலை. டலோனகாவில் ஸ்மித் ஹவுஸ் இந்த முறைக்குப் பேர்போனது. 1922-இலிருந்து அந்தப் பெயரில் சாப்பாடு நடக்கிறது. 2006-இல் பழுதுபார்க்கும்போது தரைக்கு அடியில் ஒரு பழைய தங்கச் சுரங்கக் குழி வெளிப்பட்டது. இன்னும் வடக்கே டில்லார்ட் ஹவுஸ், 1917-இலிருந்து இருக்கிறது.

இரண்டாவது வகை 'மீட் அண்ட் த்ரீ'. இறைச்சி ஒன்று, பக்கத்துணை மூன்று. கரும்பலகையில் அன்றைய பட்டியல் எழுதியிருப்பார்கள். முதல் தடவை போகும்போது நான் சொல்லும் தட்டு இது: பொரித்த கோழி, வெண்டைக்காய், காராமணி, கொலார்ட் கீரை. கூடவே சோளரொட்டி.

வெண்டைக்காயை விரற்கடை அளவு வில்லையாக நறுக்கி, மக்காச்சோள மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்திருப்பார்கள். துளிகூட வழவழப்பு இருக்காது. சூட்டோடு வாயில் போட்டால் வெளியே நறநறவென்றும் உள்ளே பச்சைக் காயின் வாசத்தோடும் இருக்கும். காராமணி குழைய வெந்து, சாறோடு வரும். கொலார்ட் கீரை முட்டைக்கோஸ் இலைபோலத் தடிமனானது. மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, கசப்பும் உப்புமாக இருக்கும். மேலே மிளகாய் ஊறின வினிகரை நாலு சொட்டு விட்டுக்கொள்ளுங்கள். சோளரொட்டியை அந்தக் கீரைச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடுவதை உள்ளூர்க்காரர்களைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

இந்தக் காய்கள் நமக்கு அறிமுகமானவையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெண்டையும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு கடல் கடந்து இங்கே வந்தவை. தென்மாநிலச் சமையல் என்று இன்று சொல்வதில் பெரும்பங்கு அந்த மக்களின் கைப்பக்குவம். சாப்பிடும்போது அதை நினைத்துக்கொள்வது நாம் செலுத்த வேண்டிய மரியாதை.

பிஸ்கெட் என்றால் டீயில் முக்குகிற பிஸ்கெட் அல்ல, வெண்ணெய் மணக்கும் மெத்தென்ற ரொட்டி. 'க்ரிட்ஸ்' என்பது மக்காச்சோள நொய்யில் செய்வது, ரவைக் கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் நடுவில் இருக்கும். பெரும்பாலும் காலைப் பலகாரம். 'ஸ்வீட் டீ' என்றால் ஐஸ் போட்ட, நல்ல தித்திப்பான பால் இல்லாத டீ. இனிப்பு வேண்டாம் என்றால் 'அன்ஸ்வீட்' என்று கேளுங்கள்.

படி 5: சைவமா? பெயர் சொல்லிக் கேளுங்கள்

நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். பட்டியலில் 'வெஜிடபிள் ப்ளேட்' என்று இருக்கும். இறைச்சி இல்லாமல் நாலு பக்கத்துணைகளைத் தட்டில் வைத்துத் தருவது அது. ஆனால் சைவம் என்று அர்த்தமில்லை. கீரையும் பீன்ஸும் காராமணியும் பன்றி இறைச்சித் துண்டோடு வேகவைப்பதுதான் இங்கே வழக்கம். பிஸ்கெட்டிலும் 'பை' என்ற இனிப்புப் பண்டத்தின் மாவிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. வெண்டைக்காயைக் கோழி பொரித்த எண்ணெயிலேயே பொரித்திருக்கலாம்.

'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சித் துண்டை எடுத்துவிட்டால் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு பண்டத்தையும் காட்டி, "இதில் பேக்கன் இருக்கிறதா, ஹாம் இருக்கிறதா, சிக்கன் ஸ்டாக் விட்டீர்களா, எந்த எண்ணெயில் பொரித்தீர்கள்" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நான் கேட்ட இடங்களில் எல்லாம் சமையலறைக்குள் போய் விசாரித்து வந்து சொன்னார்கள். பெரும்பாலும் தேறுவது மாக்கரோனி சீஸ், கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தக்காளி, பழம் போட்ட காப்ளர் என்ற இனிப்பு. இவற்றையும் கேட்டுவிட்டே எடுங்கள். முழுச் சைவம் என்றால் காரில் ஒரு டப்பா தயிர்சாதம் இருக்கட்டும், பெரியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

படி 6: பேச்சும் பில்லும்

பரிமாறுபவர் "ஹனி", "ஸ்வீட்டி" என்று அழைப்பார். இங்கே எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள். பதிலுக்கு "யெஸ் மேம்", "நோ சார்" என்று சொன்னால் முகம் மலரும். எந்த ஊர், என்ன விசேஷம் என்று கேட்பார்கள், நின்று பதில் சொல்லுங்கள். நல்ல நீர்வீழ்ச்சிக்கு வழி, எந்தக் கடையில் 'பை' நன்றாக இருக்கும் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் தெரியவரும்.

டிப் 18 முதல் 20 சதவீதம். சில கடைகளில் பில்லை எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்துக் கல்லாவில் கட்ட வேண்டும். டிப்பை மேசையில் வைக்கக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

படி 7: திரும்பும் வழி

சாப்பிட்ட களைப்பு தீர அமிகலோலா நீர்வீழ்ச்சிக்குப் போகலாம். டலோனகாவிலிருந்து சுமார் அரை மணி நேரம். 729 அடி உயரத்திலிருந்து தட்டுத்தட்டாக இறங்கும் அருவி. அடியிலிருந்து உச்சிவரை 604 படிகள் உண்டு. முட்டி வலி உள்ளவர்களை மேலே காரிலேயே கூட்டிப்போய்விடலாம், அங்கேயும் வாகன நிறுத்தம் இருக்கிறது.

வீடு திரும்பும்போது சாலையோரத்தில் 'பாயில்டு பீநட்ஸ்' என்று கையால் எழுதிய பலகையைப் பார்த்தால் வண்டியை ஓரம்கட்டுங்கள். அவித்த வேர்க்கடலைதான். ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை பச்சைக்கடலையாகவே கிடைக்கும். பெரிய பாத்திரத்தில் உப்புநீரில் மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டிருக்கும். துளைக்கரண்டியால் அள்ளி, ஒரு கப்பில் போட்டு, கொஞ்சம் அந்தத் தண்ணீரையும் விட்டுக் கொடுப்பார்கள்.

அம்மாவுடன் போன அந்த நாளில் கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது இதுதான். கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து, அம்மா முதல் கடலையை உரித்தார். தோடு ஊறிப்போய், அழுத்தினதும் உப்புநீர் விரல்வழியே வழிந்தது. பருப்பு அவித்த மொச்சை மாதிரி மெத்தென்று இருந்தது. வாயில் போட்டு மென்றுவிட்டு, "நம்ம கடலதான். கொஞ்சம் கூடுதலா வெந்துட்டு" என்றார். அப்புறம் கப்பைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

கேட்கும்போது 'ரெகுலர்' என்று சொல்லுங்கள். 'கேஜுன்' என்றால் காரமானது. தோடு போட ஒரு தனிப்பையும் கை துடைக்கத் துணியும் காரில் இருக்கட்டும்.