வெள்ளாமை வெட்டின வயலுக்க பயறு போடுற ஆக்கள் விடுற பிழைகள்

திருகோணமலைப் பக்கம் கந்தளாய், தம்பலகாமம், மூதூர், கிண்ணியா எங்க பாத்தாலும் நெல்லு தான். பெரும்போகம் வெட்டி முடிஞ்சு சிறுபோகத் தண்ணி திறக்கும் வரைக்கும் வயல் சும்மா கிடக்கு, அந்த இடைவெளிக்க 60, 65 நாளில பயறு (பாசிப்பயறு) எடுக்கலாம், விவசாயத் திணைக்களமும் இத கன காலமா சொல்லிக் கொண்டு தான் இருக்கு. ஆனா ஒரு தரம் போட்டுப் பாத்திட்டு "இந்த மண்ணுக்கு சரிவராது" எண்டு கைவிட்ட ஆக்கள் எத்தினை பேர்! மண்ணில ஒரு பிழையும் இல்லை, பயறையும் நெல்லு மாதிரியே நினைச்சு செய்யிறது தான் பிழை.

முதலாவது தண்ணி. நெல்லு வயல்ல தண்ணி நிண்டா எங்களுக்கு சந்தோசம், அதே தண்ணி ரெண்டு நாள் பயறு வேரடியில நிண்டா வேருக்கு காத்து இல்லாம இலை மஞ்சளாகி செடி குறண்டிப் போகும், உடன பசளை காணாது எண்டு நினைச்சு யூரியாவ எறியிறாங்க, அதோட ரெண்டாவது பிழையும் வந்திடும். அதனால பள்ளக் காணிய விட்டிட்டு தண்ணி வடியிற மேட்டு வயலா தெரிவு செய்யுங்க, விதைக்க முதலே வரம்போரமும் நடுவிலயும் வாய்க்கால் வெட்டி விடுங்க. பக்கத்து வயலுக்கு தண்ணி பாயுதெண்டா ஊறி வாற பக்கம் கட்டாயம் வாய்க்கால் வேணும். அதுக்காக காயவும் விடக்கூடாது, பூக்கிற நேரமும் காய் முத்துற நேரமும் மண் ஈரமா இருக்க வேணும்.

யூரியா விசயம் இன்னும் கொஞ்சம் சொல்ல வேணும். பயறு உளுந்து கௌப்பி எல்லாம் வேரில இருக்கிற முடிச்சுகள்ள வாழுற பக்டீரியா மூலமா காத்தில இருக்கிற நைதரசன தானே எடுக்கிற பயிர், அதுக்கு நெல்லுக்குப் போடுற கணக்கில யூரியா போட்டா முடிச்சு குறைஞ்சிடும், செடி இலையும் தண்டுமா வளந்து காய் காணாது. விதைக்கேக்க சிபாரிசு பண்ற சின்ன அளவோட நிப்பாட்டுங்க. பூக்கிற நேரம் ஒரு செடிய மண்ணோட கிண்டி எடுத்து முடிச்ச நகத்தால கீறிப் பாருங்க, உள்ளுக்க இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குது, வெள்ளையா பச்சையா இருந்தா இல்லை. அறுவடை முடிய செடிய வேரோட புடுங்கி எரிக்கிறதும் பெரிய பிழை, நைதரசனில கன பங்கு பயறு மணியோட வெளியில போயிடும், மிஞ்சினது செடியிலயும் வேரிலயும் தான் இருக்கு, அத உழுது மண்ணுக்க விட்டா தான் அடுத்த நெல்லுக்கு உதவும்.

விதைப்பு பிந்தினாலும் போச்சு. வெட்டின கையோட மண்ணில ஈரம் இருக்கேக்க போடாட்டி பூக்கிற காலம் கச்சான் எண்டு சொல்ற சூடான வரண்ட காத்தில மாட்டி பூவெல்லாம் கொட்டும். கடையில சமைக்க விக்கிற பயற விதையா போடாதீங்க, மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில இருந்து வந்த எம்ஐ 5, எம்ஐ 6 மாதிரி பயறு இனங்கள்ட நல்ல விதை கிடைக்குதா எண்டு விவசாயப் போதனாசிரியரிட்ட கேளுங்க. நெல்லு மாதிரி வீசி விதைச்சா களை எடுக்க ஏலாது, மெஷின் கொட்டின நெல்லும் கூடவே முளைச்சு நிக்கும், ஒரு அடி இடைவெளியில வரிசையா போட்டு முதல் மூண்டு கிழமையும் களை இல்லாம வச்சிருங்க. மஞ்சள் தேமல் வந்த செடிய மருந்து அடிச்சு சுகமாக்க ஏலாது, அது வெள்ளை ஈ பரப்புற வைரஸ், முதல்ல கண்ட செடிகள புடுங்கி அப்புறப்படுத்துங்க.

இதெல்லாத்தையும் விட எங்கட பக்கத்தில பயற அழிக்கிறது மாடு. வெள்ளாமை வெட்டினா வயலுக்க மாட்ட அவிழ்த்து விடுறது பழக்கம், தனி ஆளா ஒரு ஏக்கர்ல போட்டா கட்டாக்காலி மாடு ஒரே ராத்திரியில முடிச்சிடும், காவலுக்கு ஆள் பிடிக்கப் போனா லாபம் அதிலயே போயிடும். போகம் தொடங்க முதல் கமக்காரர் கூடுற ஆரம்பக் கூட்டத்திலயே வட்டவிதானையார் (வயலுக்கு தண்ணி பங்கிடுறத பாக்கிறவர்), கமக்காரர் அமைப்பு, மாட்டுக்காரர் எல்லாரையும் வச்சு எந்தத் துண்டம், எப்ப வரைக்கும் மாடு விடக்கூடாது எண்டு பேசி, பக்கத்துப் பக்கத்து வயல்காரர் சேந்து போடுங்க. மாட்டுக்காரருக்கும் மேய்ச்சலுக்கு ஒரு இடம் ஒதுக்காம கூட்டத்தில சும்மா முடிவெடுத்து பலனில்லை, அவங்களுக்கும் அது தான் பிழைப்பு.

பயறு ஒரே நாளில முத்தாது. நெல்லு மாதிரி ஒரேயடியா வெட்டலாமெண்டு காத்திருந்தா முதல் காய் வெடிச்சு கொட்டிடும், ரெண்டு மூண்டு தரம் கறுத்த காயப் பாத்து ஆய வேணும். வண்டு வயல்லயே காயில முட்டை போட்டிட்டு தான் வீட்டுக்கு வருது, அதனால நல்லா காய வச்சு, கடிச்சா டக்கெண்டு உடையிற பதத்தில காத்துப் போகாத பேக்கிலயோ மூடி இறுகின கானிலயோ போடுங்க. சாப்பாட்டுக்கு வைக்கிறத உடைச்சு பருப்பாக்கி வச்சா வண்டுத் தொல்லை குறையும்.