குடியிருப்பின் பொது இடங்களை மறுபடி திறக்கும் முன்: உத்தரவு, காற்று, தண்ணீர், தடுப்பூசி

கொரோனாக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் குடியிருப்போர் சங்கங்கள் முதலில் வாங்கியது நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானியைத்தான். அதனால் பெரிய பலன் இல்லை. தொற்று வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுகிறார். வாசலில் நிற்கும்போது அவருக்குக் காய்ச்சலே இருக்காது. ஆட்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கும் ஏற்பாடோ இன்னும் மோசம். கண்ணும் தோலும் எரியும், உள்ளே இருக்கும் வைரஸ் அப்படியே இருக்கும். அந்தப் பணத்தைக் கூடத்தின் காற்றோட்டத்துக்கு ஒதுக்குங்கள்.

உத்தரவில் எதைப் பார்ப்பது

கைபேசியில் சுற்றிவரும் சுருக்கத்தை நம்பாமல் கட்டுப்பாடு பற்றிய அரசு உத்தரவின் முழு நகலை எடுத்துப் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பகுதிக்கு என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மேல்மட்ட அரசு ஒன்று சொல்லி, உள்ளாட்சி அதைவிடக் கடுமையாக வேறொன்று சொன்னால், பெரும்பாலும் கடுமையானதைத்தான் பின்பற்ற வேண்டியிருக்கும்.

தகராறு வருவது ஆள் எண்ணிக்கையில். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் உள்ள கூடம் என்று வைத்துக்கொள்வோம். அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு 120 பேர் என்றால் ‘50 சதவீதம்’ என்பது 60 பேர். அதே உத்தரவில் ‘ஒருவருக்கு 4 சதுர மீட்டர்’ என்றும் இருந்தால் 20 பேர்தான் வரலாம். இரண்டில் குறைவானதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர்களும் குழந்தைகளும் கணக்கில் சேர்த்தியா என்பதையும் பாருங்கள். நாலு பக்கமும் திரை இறக்கிய கூடாரத்தைத் திறந்தவெளி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டம் விட்டாலும் காற்று விடாது.

காற்று: கணக்குப் போட்டுப் பாருங்கள்

மேலே சொன்ன கூடத்தின் உயரம் 3 மீட்டர் என்றால் கன அளவு 240 கன மீட்டர். மணிக்கு 5 முறையாவது காற்று மாற வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. அதாவது மணிக்கு 1,200 கன மீட்டர். மணிக்கு 600 கன மீட்டர் தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு தேவை. ஃபேனின் பெட்டியில் போட்டிருக்கும் அளவு, முன்னால் தடை எதுவும் இல்லாதபோது கிடைப்பது. தூசி அடைத்த வலை இருந்தால் கணிசமாகக் குறைந்துவிடும். எதிர்ப்பக்கச் சன்னலைத் திறக்காமல் ஃபேனை மட்டும் ஓட்டுவதும் வீண், வெளியே தள்ளுவதற்கு உள்ளே காற்று வர வேண்டுமே.

சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிர்வித்துத் திருப்பி அனுப்பும். ஏசி ஓடியே ஆக வேண்டும் என்றால் ஒரு சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மின் கட்டணம் கூடுதலாக வரும், வேறு வழியில்லை. சன்னலே இல்லாத அறைக்கு மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். மணிக்கு 300 கன மீட்டர் தரும் கருவி ஒன்று இந்தக் கூடத்தில் 1.25 காற்று மாற்றத்துக்கு மட்டுமே சமம்.

கரியமில வாயு அளக்கும் சிறிய மீட்டர் ஒன்று வாங்கலாம். அகச்சிவப்பு உணரி உள்ளதாகப் பாருங்கள். மலிவான சிலவற்றில் அந்த உணரியே கிடையாது, வேறு வாயுக்களை வைத்து ஊகித்து எண் காட்டும். வெளியே சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்ட வேண்டும். ஆட்கள் நிறைந்திருக்கும்போது கூடத்தில் 800-க்குள் இருந்தால் நல்லது. 1,200 தாண்டினால் பாதிப்பேரை வெளியே அனுப்புங்கள், அல்லது எல்லாச் சன்னல்களையும் திறங்கள். மீட்டரைச் சன்னலோரத்திலோ, ஒருவர் முகத்துக்கு நேரேயோ வைக்காமல் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் வையுங்கள். சுத்திகரிப்பான் வைரஸைப் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. அதனால் அது ஓடும் அறையில் எண் அதிகமாக இருந்தாலும் ஆபத்து அந்த அளவு இருக்காது.

ஒரு கூட்டம் முடிந்து அடுத்தது தொடங்க எவ்வளவு நேரம் விடுவது? மணிக்கு 5 காற்று மாற்றம் இருந்தால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற ஏறக்குறைய 55 நிமிடம். 2 மாற்றம் மட்டுமே என்றால் 138 நிமிடம். அரை மணி இடைவெளி விட்டு முன்பதிவு எழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள்.

பூட்டிக் கிடந்த தண்ணீர்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாரக்கணக்கில் ஓடாத குழாயில் குளோரின் தீர்ந்து, லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். 25 முதல் 45 டிகிரி வெப்பம் அதற்கு மிகவும் பிடித்தது. அதன் நுண்துளியைச் சுவாசித்தால் வரும் நிமோனியா, காய்ச்சலும் இருமலுமாகக் கொரோனா போலவே தெரியும்.

தொட்டியைக் காலி செய்து கழுவி நிரப்புங்கள். பிறகு தொட்டிக்கு அருகில் உள்ள குழாயில் தொடங்கி, கடைசிக் குழாய் வரை ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய தண்ணீர் முழுதும் போகும்வரை விடுங்கள். ஷவரின் தலையைக் கழற்றிவிட்டுத் திறப்பது நல்லது. இல்லாவிட்டால் நுண்துளி முகத்தில் அடிக்கும். கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டி 60 டிகிரியில் இருக்கட்டும். நீச்சல் குளத்தில் குளோரின் குறைந்தது 1 பிபிஎம், பிஎச் (அமில-கார அளவு) 7.2 முதல் 7.8 வரை. குளத்துத் தண்ணீர் கொரோனாவைப் பரப்பாது, நெருக்கியடிக்கும் உடைமாற்றும் அறைதான் பரப்பும்.

தரை, கைப்பிடி, லிஃப்ட் பொத்தான்களைச் சோப்பால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். தொற்றாளர் வந்துபோன இடத்துக்கு மட்டும் பிளீச்: 5 சதவீதக் கரைசலில் 20 மில்லியை 980 மில்லி தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதம். அழுக்கு பிளீச்சின் வேலையைக் கெடுக்கும் என்பதால் முதலில் சோப்பு. அமிலம் உள்ள கழிப்பறைத் திரவத்துடன் பிளீச்சைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

தடுப்பூசித் தேதிகள்

கொரோனாக் காலத்தில் பல ஊர் விதிகளில் ‘முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்’ என்பது கடைசித் தவணை முடிந்து 14 நாள் ஆனவரைக் குறித்தது, ஊசி போட்ட அன்றே அந்தத் தகுதி வந்துவிடவில்லை. முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் இடைவெளி ஃபைசருக்கு 3 வாரம், மாடர்னாவுக்கு 4 வாரம், அஸ்ட்ராஜெனகாவுக்கு 8 முதல் 12 வாரம் என்பது தொடக்கத்தில் இருந்த அடிப்படை அட்டவணை. இப்போது உங்கள் சுகாதாரத் துறை சொல்வதையே பின்பற்றுங்கள். தேதி தாண்டிவிட்டால் முதல் தவணையிலிருந்து மறுபடி தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் மிகவும் முன்கூட்டிப் போட்ட தவணை செல்லாமல் போகக்கூடும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குக் கூடுதல் தவணை உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

போட்ட பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும். முன்பு கடுமையான ஒவ்வாமை வந்தவர் 30 நிமிடம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. போடுபவரிடம் சொல்லிவிட்டு, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

காய்ச்சல், உடம்புவலி, கைவலி எல்லாம் ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கும். பாராசிட்டமாலை முன்கூட்டியே போடாதீர்கள். வலி வந்த பிறகு எடுக்கலாம், பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டாமல். சளி மாத்திரைகளிலும் அதே மருந்து இருக்கும், கூட்டிப் பாருங்கள். அக்குளில் நெறி கட்டினால் பயம் வேண்டாம், ஆனால் அந்தச் சமயத்தில் மார்பகப் பரிசோதனை இருந்தால் தடுப்பூசி போட்ட விவரத்தைச் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை இரண்டு. ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்குப் பின் முதல் வாரத்தில், குறிப்பாக இளைஞர்களுக்கு, நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால். அஸ்ட்ராஜெனகா போன்றவற்றுக்குப் பின் நாலாவது நாளிலிருந்து சில வாரங்களுக்குள் விடாத தலைவலி, கால் வீக்கம், வயிற்றுவலி வந்தால். இரண்டும் அரிது. இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சான்றிதழ் வாங்கியதும் பெயரின் எழுத்து, பிறந்த தேதி, தடுப்பூசியின் பெயர் ஆகியவற்றை அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். தவறை அன்றே திருத்துவது எளிது. சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: போட்டவர், போடாதவர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். தயங்குகிறவர் அதைப் பார்த்து மனம் மாறுவதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறார்.

யாருக்காவது தொற்று வந்தால்

அறிகுறி தொடங்குவதற்கு 2 நாள் முன்பிலிருந்து அவரோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கு, அவர் பெயரைச் சொல்லாமல், தகவல் தெரிவியுங்கள். சில நிமிடங்களில் முடிவு காட்டும் ஆன்டிஜென் சோதனை ஒருமுறை நெகட்டிவ் வந்தால் போதாது. 48 மணி நேரம் விட்டு மறுபடி செய்ய வேண்டும். அறிகுறி இல்லாதவர் அதே இடைவெளியில் மூன்றாம் முறையும். கோடு தெரிகிறதா என்று பெட்டியில் சொன்ன நிமிடத்திலேயே பாருங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் தோன்றும் மங்கலான கோட்டை நம்ப முடியாது. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் நகப்பூச்சோ சில்லிட்ட விரலோ அளவைக் கெடுக்கும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டலாம். சூடேற்றிய விரலில் மறுபடி பார்த்தும் 94 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். மூச்சு வாங்கினால் எண்ணைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.