சோவெட்டோவில் தங்கப் போகிறீர்களா? தெருவைக் கேளுங்கள், ஜோஜோவைக் கேளுங்கள்

ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்கு வந்து சேர்ந்த முதல் மாதத்திலேயே யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள்: "சோவெட்டோவா? பகலில் டூர் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்." எனக்கும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பலர் அங்கே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை அங்கே தங்கவைக்கலாமா என்று கேட்பவர்களிடம் தாராளமாகத் தங்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் படத்தைப் பார்த்து அறை பிடிக்காதீர்கள். தெருவையும் வீட்டுக்காரரையும் விசாரித்துப் பிடியுங்கள்.

சோவெட்டோ ஒரே பேட்டை அல்ல. நிறவெறி ஆட்சியில் நகரத்துக்கு வெளியே கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிய குடியிருப்புகளை டவுன்ஷிப் என்பார்கள். தென்மேற்கு டவுன்ஷிப்கள் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து 1963இல் வைத்த பெயர் அது. ஆர்லாண்டோ, டீப்க்லூஃப், மெடோலாண்ட்ஸ், க்ளிப்டவுன் என்று பல பேட்டைகள் அதற்குள் அடங்கும். சென்னையில் அறை என்றால் அம்பத்தூரா அடையாறா என்று கேட்க மாட்டோமா? அதையே இங்கேயும் கேளுங்கள்.

முதல் தடவை என்றால் ஆர்லாண்டோ வெஸ்ட்தான் என் தேர்வு. விலகாசி தெருவில் நெல்சன் மண்டேலா 1946 முதல் குடியிருந்த 8115ஆம் எண் வீடு இப்போது அருங்காட்சியகம். நிறவெறியை எதிர்த்த பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் வீடும் அதே தெருவில்தான். வெள்ளையர் அரசு தன் ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் பள்ளியில் திணித்ததை எதிர்த்து 1976 ஜூன் 16 அன்று மாணவர்கள் ஊர்வலம் போனபோது சுட்டுக்கொல்லப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனின் நினைவிடத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். மொழித் திணிப்பு என்றால் என்ன என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் அப்பா அங்கே வெகுநேரம் பேசாமல் நின்றார்.

இங்கே விருந்தினர் விடுதி என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம் வாழும் வீடுதான். அரசு வரிசையாகக் கட்டிய சின்னஞ்சிறு செங்கல் வீடுகளை 'தீப்பெட்டி வீடு' என்பார்கள். அதையே பின்பக்கம் நீட்டி, சில இடங்களில் மாடியும் எழுப்பி அறைகள் விட்டிருப்பார்கள். விலகாசி தெருவிலேயே அறை எடுத்தால் வார இறுதியில் உணவகங்களின் பாட்டுச் சத்தம் தூங்க விடாது. இரண்டு தெரு தள்ளி எடுங்கள். தனியாக வரும் இளைஞர்களுக்கு அதே பகுதியில் லெபோஸ் பேக்பேக்கர்ஸ் என்ற விடுதி இருக்கிறது. சைக்கிளில் பேட்டையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். 1955இல் நிறவெறியை எதிர்த்த இயக்கங்களின் விடுதலைச் சாசனம் ஏற்கப்பட்ட க்ளிப்டவுன் சதுக்கம் சில ஆண்டுகளுக்கு முன் மோசமாகச் சூறையாடப்பட்டது. அதைப் பகலில் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

இனி, நான் பட்ட பாடு. ஆப்பிரிக்காதானே என்று ஒரு ஜூன் மாதம் மெல்லிய போர்வையை நம்பிப் போனேன். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிர்கால இரவுகள் உறைநிலையைத் தொட்டுவிடும். அறையில் ஹீட்டர் இல்லை. நள்ளிரவில் மின்சாரமும் போய்விட்டது. கதவைத் தட்டிய வீட்டுக்கார அம்மாள், எரிவாயு அடுப்பில் காய்ச்சிய தண்ணீரை ரப்பர் பையில் ஊற்றி, கனத்த கம்பளி ஒன்றோடு கொண்டுவந்து நீட்டினார். "எங்கள் குளிரைப் பற்றி உனக்கு யாரும் சொல்லவில்லையா, மகனே?" என்றார். காலையில் அவர் கொடுத்தது டிங் என்ற புளித்த சோளக் கூழ். கூடக் கடித்துக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம்தான் இல்லை.

அன்றிலிருந்து அறை பிடிக்கும் முன் போனிலேயே கேட்டுவிடுகிறேன். ஹீட்டர் உண்டா? மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? ஜோஜோ இருக்கிறதா? ஜோஜோ என்பது தண்ணீர்த் தொட்டி. ஒரு கம்பெனியின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. குழாய்த் தண்ணீர் நிற்கும் நாளில் அதன் அருமை தெரியும். வண்டியைக் கேட்டுக்கு உள்ளே நிறுத்த முடியுமா என்பதையும் கேளுங்கள். நம் வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் இருக்கும் பெரிய மூன்று முள் பிளக்தான் இங்கே பொதுவானது. ஊரிலிருந்து வருபவர்களிடம் அதற்கான அடாப்டரைக் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

வயதான பெண்களை இங்கே 'மாமா' என்று அழைக்க வேண்டும். சூலு மொழியில் அம்மா என்று பொருள். முதல்முறை நான் அப்படிக் கூப்பிட்டபோது என் அம்மா, "அந்த அம்மாவைப் போய் மாமா என்கிறாயே!" என்று என்னைக் கிள்ளினார். 'சாவுபோனா' என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பிறகு பேச்சைத் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் அறை வாடகையைக் கேட்பது மரியாதை ஆகாது.

விமான நிலையத்திலிருந்து புறப்படும் கௌட்ரெய்ன் ரயில் சோவெட்டோவுக்கு வராது. பெற்றோரோடு வந்தால் வீட்டுக்காரரையே வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நகரத்திலிருந்து ரேயா வாயா பஸ் 2009 முதல் ஓடுகிறது. பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்சியைச் சில மாதம் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். செயலியில் கார் அழைப்பதானால் டாக்சி நிலையத்துக்கும் பெரிய மால்களின் வாசலுக்கும் அருகில் நின்று அழைக்காதீர்கள். மினிபஸ் டாக்சிக்காரர்களுக்கும் செயலிக் கார்க்காரர்களுக்கும் தகராறு உண்டு. யாராவது "ரோபோவில் இடப்பக்கம் திரும்பு" என்றால் மிரள வேண்டாம். ரோபோ என்றால் சிக்னல்.

சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெறுமனே 'இறைச்சி வேண்டாம்' என்றால் கோழி வரும். அம்மாவுக்கு அது சரிப்படாது என்றால் சோவெட்டோவுக்குத் தெற்கே உள்ள லெனேசியாவில் அறை பாருங்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டத்தின்கீழ் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட பேட்டை அது. அங்கே கோவில் உண்டு, காவடி உண்டு. பிள்ளை, நாயுடு என்று பெயர் இருக்கும். பேச்சு மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

சனிக்கிழமை காலையில் கிளம்புவதாக இருந்தால் வீட்டுக்காரரிடம் வழி கேட்டுக்கொள்ளுங்கள். இறுதிச் சடங்குகள் பெரும்பாலும் அன்றுதான். நம் ஊரைப் போலவே தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருப்பார்கள்.