முதல் கைத்துப்பாக்கிக்கு எந்த காலிபர்? அமெரிக்கத் தமிழர்களுக்குப் படிப்படியான விளக்கம்

தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது "9 மி.மீ. வாங்கவா, .45 வாங்கவா?" என்றுதான். கடைக்காரர் ஒன்று சொல்வார், அலுவலக நண்பர் வேறொன்று சொல்வார், யூடியூபில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். உங்கள் கையால் வேகமாகவும் குறி தப்பாமலும் சுட முடிகிற காலிபர்தான் (தோட்டாவின் அளவு) உங்களுக்குச் சரியானது. அதற்கான பயிற்சித் தோட்டா விலையும் கட்டுப்படியாக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது 9 மி.மீ. ஆகத்தான் இருக்கும். ஆனால் நான் சொன்னேன் என்று வாங்காமல், சுட்டுப் பார்த்து நீங்களே அந்த முடிவுக்கு வாருங்கள்.

படி 1: உங்களுக்கு அனுமதி உண்டா?

எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும். "சும்மா ஒரு தடவை போய்ப் பார்ப்போம்" என்று நண்பர்கள் கூப்பிட்டால் போய்விடாதீர்கள். விசாவுக்கே ஆபத்து. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் குடிமக்களும் வாங்கலாம்.

மறைத்து எடுத்துச் செல்வதற்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் தேவையில்லை. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க்கில் உரிமம் கட்டாயம். ஒரு மாநில உரிமம் பக்கத்து மாநிலத்தில் செல்லும் என்று நினைத்துக்கொண்டு காரை எடுக்காதீர்கள்.

வீட்டில் குழந்தைகளோ மனம் உடைந்த நிலையில் யாரேனுமோ இருந்தால், துப்பாக்கி வாங்குவதற்கு முன் பூட்டுப் பெட்டி வாங்குங்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். காலிபரை விட இது முக்கியம் என்பதால்தான் முதல் படியிலேயே சொல்கிறேன்.

படி 2: பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

காலிபர் என்பது தோராயமாகக் குண்டின் விட்டம். கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா; குழலிலிருந்து பறந்து போவது குண்டு மட்டும். சிலவற்றை மில்லிமீட்டரிலும் சிலவற்றை அங்குலத்திலும் சொல்வார்கள். .45 என்றால் 0.45 அங்குலம், ஏறக்குறைய 11.5 மி.மீ.

விட்டம் ஒன்றாக இருந்தால் தோட்டாவும் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. .380 ஏசிபி, 9 மி.மீ. லூகர் இரண்டிலும் குண்டின் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் முதலாவதன் பித்தளைக் கூடு 17 மி.மீ. நீளம், இரண்டாவதன் கூடு 19 மி.மீ. உள்ளே உருவாகும் அழுத்தமும் வேறு. ஒன்றின் துப்பாக்கியில் மற்றதைப் போடக் கூடாது. .380-க்கு "9 மி.மீ. ஷார்ட்", "9 மி.மீ. குர்ஸ்" என்ற பெயர்களும் உண்டு என்பதால் புதியவர்கள் கடையில் தப்பான பெட்டியை எடுத்துவிடுகிறார்கள். துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதும், தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

படி 3: குண்டு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சினிமாவில் குண்டு பட்டதும் ஆள் பறந்து போய் விழுவார். நிஜத்தில் எந்தக் கைத்துப்பாக்கியும் அப்படிச் செய்யாது. தாக்க வருபவரை நிறுத்துவது, குண்டு எங்கே படுகிறது, தேவையான ஆழம் வரை போகிறதா என்பவைதான். விட்டத்துக்கு மூன்றாவது இடமே.

இதை எஃப்.பி.ஐ. கசப்பான அனுபவத்தில் கற்றது. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அதன் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு 9 மி.மீ. குண்டு கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் போனது. ஆனால் இதயத்தை எட்டுவதற்குள் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சண்டையிட்டான். அதற்குப் பிறகுதான் எஃப்.பி.ஐ. உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் சுட்டு, குண்டு 12 முதல் 18 அங்குல ஆழம் போக வேண்டும் என்ற அளவுகோலை வைத்தது. 9 மி.மீ. போதவில்லை என்று 10 மி.மீ.க்குப் போனார்கள். அதன் உதை (சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளும் விசை) பலருக்கும் அதிகமாக இருந்தது. 1990-ல் .40 ஸ்மித் அண்ட் வெஸன் வந்தது, நாடு முழுக்கக் காவல் துறைகள் அதற்கு மாறின.

இதற்கிடையில் 9 மி.மீ. குண்டுகளின் வடிவமைப்பு வெகுவாக முன்னேறியது. 2014-ல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு 9 மி.மீ.க்குத் திரும்பலாம் என்று எழுதி, பிறகு திரும்பியும் விட்டது. அதே ஜெலட்டினில் நல்ல 9 மி.மீ., .40, .45 குண்டுகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லை, 9 மி.மீ.யில் அவர்களுடைய ஆட்கள் வேகமாகவும் துல்லியமாகவும் சுட்டார்கள் என்பதே காரணம். தினமும் துப்பாக்கியோடு வாழ்பவர்களுக்கே இதுதான் நிலை என்றால், புதிதாகத் தொடங்கும் நாம் பெரிய எண்ணைத் துரத்துவதில் அர்த்தமில்லை.

படி 4: பட்டியலைச் சுருக்குங்கள்

.22 எல்ஆர்: உதை மிகக் குறைவு, தோட்டா மலிவு, கற்றுக்கொள்ள அருமை. ஆனால் இதில் தீப்பற்ற வைக்கும் மருந்து கூட்டின் விளிம்பில் இருப்பதால், சுடாமல் போகும் வாய்ப்பு மற்றவற்றை விட அதிகம். தற்காப்புக்குக் கடைசி வழியாக மட்டும்.

.380 ஏசிபி: கை மூட்டு வலி உள்ளவர்களுக்கும் பிஸ்டலின் மேலே நகரும் பகுதியான ஸ்லைடை இழுக்கச் சிரமப்படுபவர்களுக்கும் நல்ல தேர்வு. குட்டையான குழலில் சுட்டால், இந்தக் குண்டு உடம்புக்குள் விரிந்தால் பெரும்பாலும் ஆழம் போவதில்லை, ஆழம் போனால் விரிவதில்லை. அதனால் எந்தத் தோட்டா என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

.38 ஸ்பெஷல்: தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும் ரிவால்வருக்கானது; சின்ன வகைகளில் பெரும்பாலும் ஐந்து தோட்டா கொள்ளும். இழுக்க ஸ்லைடு கிடையாது. .357 மேக்னம் ரிவால்வர் வாங்கினால் அதிலும் .38 ஸ்பெஷலைச் சுடலாம். ஆனால் .38 ரிவால்வரில் .357 மேக்னத்தைச் சுடக் கூடாது.

9 மி.மீ.: பயிற்சித் தோட்டா மலிவு, துப்பாக்கி வகைகள் ஏராளம், சின்ன உடம்பிலேயே பத்துத் தோட்டா வரை கொள்ளும்.

.40, .45: சுட்டுப் பழகியவர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளட்டும். முதல் துப்பாக்கிக்கு நான் சொல்ல மாட்டேன்.

படி 5: ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பாருங்கள்

இதைத் தாண்டிவிட்டு நேராகக் கடைக்குப் போகவே கூடாது. பல ரேஞ்சுகளில் துப்பாக்கிகளை வாடகைக்குத் தருவார்கள். தனியாக வரும் புதியவருக்குச் சில இடங்களில் தரமாட்டார்கள், அதனால் தெரிந்தவருடன் போங்கள், அல்லது அடிப்படை வகுப்பில் சேருங்கள். கண்ணாடியும் காதுக்கவசமும் கட்டாயம். சுடத் தயாராகும் வரை விரல் ட்ரிக்கரில் போகக் கூடாது. குழலின் வாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கட்டும்.

ஒரே அளவுள்ள துப்பாக்கியை இரண்டு காலிபரில் எடுங்கள். பேப்பர் தட்டு ஒன்றை 7 கெஜ தூரத்தில், அதாவது 21 அடியில் தொங்கவிடுங்கள். முதலில் நிதானமாக ஐந்து குண்டு, அப்புறம் கொஞ்சம் வேகமாக ஐந்து. சுடும்போது முன் குறிமுனையைக் கவனியுங்கள். அது மேலே எழும்பி, தட்டின் நடுவுக்குத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது? 9 மி.மீ.யில் ஐந்தும் தட்டுக்குள் விழுந்து, .45-ல் இரண்டு வெளியே போனால் உங்கள் கை பதில் சொல்லிவிட்டது.

இன்னொரு சோதனையும் உண்டு. கூட வந்தவரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) ஒரு போலித் தோட்டாவை நடுவில் போடச் சொல்லுங்கள். அது வரும்போது வெடிக்காது, உதையும் இருக்காது. அந்த நொடியில் குழலின் வாய் சட்டெனக் கீழே குத்தினால், உதைக்குப் பயந்து கை முன்கூட்டியே அமுக்குகிறது என்று பொருள். எந்தக் காலிபரில் இது குறைவாக இருக்கிறதோ அதில் தொடங்குங்கள்.

படி 6: துப்பாக்கியின் எடையையும் சேர்த்துப் பாருங்கள்

காலிபர் ஒன்றே ஆனாலும், எடை குறைந்தால் உதை கூடும். அலுமினிய உடம்புள்ள சின்ன ரிவால்வர் பையில் இருப்பதே தெரியாது. ஆனால் ஒரு பெட்டித் தோட்டா சுட்டு முடிப்பதற்குள் கட்டைவிரலின் அடிப்பகுதி சிவந்து எரியும், பயிற்சிக்குப் போகவே மனம் வராது. "பெண்களுக்குச் சின்ன ரிவால்வர்தான் சரி" என்று கடையில் சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். சிக் பி365, க்ளாக் 43எக்ஸ் போன்ற, அதைவிடச் சற்று எடை கூடிய 9 மி.மீ. பிஸ்டல்களையும் கையில் பிடித்துப் பாருங்கள். வழக்கமாக உடுத்தும் உடைக்குள், ட்ரிக்கரை முழுக்க மூடும் ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) அது மறைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

படி 7: தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள்

பயிற்சிக்கு முழு உறை போட்ட குண்டு போதும். எடுத்துச் செல்வதற்கு ஹாலோ பாயின்ட். முனையில் குழி இருப்பதால் உடம்புக்குள் விரிந்து வேகம் குறையும், துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பவர் மேல் படும் வாய்ப்பும் குறையும். நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்டை வெளியே எடுத்துச் செல்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ளது. எடிசன் பக்கம் இருப்பவர்கள் மாநிலக் காவல் துறையின் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். பெட்டியில் "+பி" என்று இருந்தால் அழுத்தம் கூடுதல். துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால் மட்டுமே போடலாம்.

தேர்ந்தெடுத்த ஹாலோ பாயின்டில் இரண்டு பெட்டியாவது உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். விலை கூடத்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். அப்புறம், இரவு எடுத்து வைத்துக் காலையில் திரும்பப் போடும்போது அதே தோட்டாவையே மறுபடி மறுபடி குழலுக்குள் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் இடிபட்டுக் குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், அதனால் அழுத்தம் அபாயகரமாக ஏறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாமல் தனியாக எடுத்து வைத்து, ரேஞ்சில் ஒப்படைத்துவிடுங்கள்.