ஊட்டிக் குளிரில் சிறுவிடைக் கோழிக்குப் பல்பு போட வேண்டுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறகு நன்றாக மூடிய, நோயில்லாத சிறுவிடைக்கு (சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி) பல்பு தேவையில்லை. தலைக்குந்தா பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்து, பூஜ்ஜியம் டிகிரிக்கு இறங்கும் ஜனவரி இரவுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. சின்ன உடம்பிலிருந்து அது சீக்கிரம் வெளியேறும் என்பது உண்மை. ஆகவே கூண்டை இப்படித் தயார் செய்யுங்கள்.

1. உட்காரும் கட்டை: உருண்டை மூங்கில் வேண்டாம். 3, 4 அங்குல அகலமுள்ள சில்வர் ஓக் சட்டத்தைத் தட்டையாகப் போடுங்கள். கோழி அமர்ந்ததும் கால்விரல்கள் முழுவதும் வயிற்று இறகுக்குள் மறைந்துவிடும். எல்லாக் கட்டைகளும் ஒரே உயரத்தில் இருந்தால் சண்டையில்லாமல் ஒட்டி உட்காரும்.

2. தரை: காய்ந்த மரச்சீவல் 4 முதல் 6 அங்குலம். உமியும் சரிதான். தேங்காய் நார்க்கழிவை நான் மலையில் பயன்படுத்துவதில்லை, ஈரத்தை விடவே விடாது.

3. காற்று: பலரும் தடுமாறும் இடம் இதுதான். குளிர் என்றதும் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிடுகிறோம். விடிகாலையில் அதன் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கை நனைந்துவிடும். அத்தனையும் கோழிகளின் மூச்சிலும் எச்சத்திலும் கிளம்பிய ஈரம். இறகு நனைந்தால் சூடு நிற்காது. கொண்டை நுனி கறுப்பதற்கும் குளிரோடு இந்த ஈரம் சேருவதுதான் காரணம். எச்சத்தின் நெடி கண்ணைக் கரிக்கிறதென்றால் கோழிக்குச் சளி பிடிக்க நாளாகாது.

கோழி உட்காரும் உயரம் வரை பலகையால் அடையுங்கள். அதன் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, எதிரெதிரே இரண்டு பக்கமும் ஒரு சாண் திறந்திருக்கட்டும். கம்பிவலை மட்டும் போதும். அடைந்த கோழியின் முதுகருகே ஊதுபத்தியைக் கையில் பிடித்துப் பாருங்கள். புகை நேரே மேலே போனால் சரி. சாய்ந்தால் எங்கோ இடுக்கு இருக்கிறது, தேடி அடையுங்கள். பத்தியை அங்கே வைத்துவிட்டு வராதீர்கள்.

4. சாயங்காலத் தீனி: அடைவதற்கு முன் கொஞ்சம் மக்காச்சோளம். இரவெல்லாம் செரிக்கும், சூடும் தரும்.

பல்பு குஞ்சுகளுக்குத்தான். தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். பல்பின் கீழே நெருக்கியடித்தால் குளிர்கிறது, ஓரம் ஒதுங்கினால் சூடு அதிகம். பெரிய கோழிக் கூண்டில் 250 வாட் விளக்கை நான் அறவே வேண்டாம் என்பேன். தூசியும் சீவலும் இருக்கும் இடம், ஒரு சிறகடி பட்டு விழுந்தால் தீ. தினமும் சூட்டிலேயே இருந்து பழகிய கோழி, கரண்ட் போகும் இரவில் தாங்காது.

பின்சேர்க்கை: சில்கி (பஞ்சு போன்ற இறகுள்ள கோழி) வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தீர்கள். அதன் இறகிழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாததால் மழை நேரே தோலுக்குப் போகும். நனைந்த அன்று துடைத்து, வீட்டுக்குள் வைத்துக் காயவிடுங்கள். அரைக் கிலோ அளவே இருக்கும் செராமாவையும், குளிர்காலத்தில் இறகு உதிர்க்கும் எந்தக் கோழியையும் உறைபனி இரவுகளில் வைக்கோல் போட்ட பெட்டியில் வீட்டுக்குள்ளேயே அடையுங்கள்.