38 வயதில் நின்ற மாதவிடாய்

38 வயதில் மாதவிடாய் நின்றபோது, உடலெங்கும் திடீரெனப் பரவிய வெக்கைக்குத் திருகோணமலையின் கச்சான் காற்றே காரணம் என்று எண்ணி நாட்களைக் கடத்தினேன். மார்கழி மழையிலும் தலையணை உறை வியர்வையில் ஊறி, நள்ளிரவில் வெறும் சீமெந்துத் தரையில் போய்ப் படுத்த பிறகுதான் வைத்தியரிடம் சென்றேன்.

முதலில் பார்த்தவர் மனக்கவலை என்று கூறித் தூக்கக் குளிசை தந்தார். அந்த ஆறு மாத வீண் காலத்தை நினைத்தால் இன்றும் வேதனையாக இருக்கிறது. பின்னர் பெண்நோயியல் நிபுணர் ஒருவர் சூலகங்களைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். என்ற ஓமோனின் அளவை ஆறு வார இடைவெளியில் இருமுறை சோதித்து, சூலகங்கள் காலத்துக்கு முன்பே செயல் குன்றியதை உறுதிசெய்தார். எனக்குக் கருப்பை இருப்பதால், சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் ஓமோனை மட்டும் மருந்தாக எடுத்தால் அதன் உட்படலம் தடித்துவிடும் என்று அதைத் தடுக்கும் புரோஜெஸ்டிரோன் ஓமோனையும் சேர்த்தே எழுதினார்.

“புற்றுநோய் வந்திடும், விட்டிடு தங்கச்சி” என்று அக்கா அழுதார். 2002இல் பலரை அச்சுறுத்திய, ஓமோன் சிகிச்சை பற்றிய அமெரிக்க ஆய்வு 50 முதல் 79 வயதுப் பெண்களிடம் நடத்தப்பட்டது என்றும், என் வயதில் இழந்த ஓமோனை ஏறத்தாழ 50 வயதுவரை ஈடுசெய்யாவிட்டால் என்புகளும் இதயமும் பாதிக்கப்படலாம் என்றும் நிபுணர் அவருக்கே பொறுமையாக விளக்கினார்.

சில வாரங்களில் வெக்கை தணிந்தது. பத்திரகாளி அம்மன் கோவில் மணியோசை கேட்டு விழித்த ஒரு காலையில், தலையணை உலர்ந்தே இருந்தது.