கணப்புக்குள் விறகு இன்சர்ட் பொருத்துவது எப்படி?

திறந்த கணப்பின் (சுவரோடு கட்டிய, குளிர்காயும் நெருப்பிடத்தின்) எதிரே உட்கார்ந்தால் முகம் சுடும், முதுகு குளிரும். விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வெளியே போய்விடுகிறது. போகும்போது அறையில் இருந்த வெதுவெதுப்பான காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. இதற்கு மாற்றுதான் இன்சர்ட்: கணப்பின் குழிக்குள் செருகும் மூடிய இரும்பு அடுப்பு, கண்ணாடிக் கதவு, காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு பிடி.

வாங்கப் போனால் எல்லார் கண்ணும் அந்தக் கண்ணாடிக் கதவில்தான் நிற்கும். ஆனால் பெட்டியை உள்ளே தள்ளுவது சின்ன வேலை. மீதி எல்லாம் புகைபோக்கிக்குள்தான்.

1. வாங்கும் முன்

புகைபோக்கியைச் சுத்தம் செய்யும் ஆளை அழைத்து, கரியை நீக்கி, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்சுவரில் தார் மாதிரி படிந்திருப்பது கிரியோசோட். அது பற்றிக்கொண்டால் புகைபோக்கி முழுக்கத் தீதான். கணப்பு செங்கல் கட்டுமானமா, தொழிற்சாலையில் செய்த தகரப் பெட்டியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தகரப் பெட்டி என்றால், தயாரிப்பாளர் அனுமதித்த இன்சர்ட்டைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது. பல ஊர்களில் இந்த வேலைக்கு அனுமதி வாங்க வேண்டும். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

2. அளவு

முன்பக்க அகலத்தை மட்டும் அளந்துவிட்டு வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. கணப்பின் குழி பின்னால் போகப் போகக் குறுகும், பின்சுவர் முன்னோக்கிச் சாயும். முன் அகலம், பின் அகலம், முன் உயரம், பின் உயரம், ஆழம் என ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கதவுக்கு முன்னால் தரையில் எவ்வளவு தூரம் கல் இருக்க வேண்டும், மேலே உள்ள மரப் பலகை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் போட்டிருப்பதுதான் சட்டம்.

3. லைனர்

பழைய புகைபோக்கி அகலமானது. இன்சர்ட் விடும் புகையோ குறைவு, சூடும் குறைவு. அந்தப் பெரிய குழிக்குள் போனதும் புகை ஆறிவிடும், புகையை மேலே இழுக்கும் விசை குறையும், கிரியோசோட் படியும். அதனால்தான் அடுப்பிலிருந்து கூரை உச்சிவரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஒன்றை இறக்குகிறோம். இதுதான் லைனர். குழாயின் விட்டம் இன்சர்ட்டின் புகைவாய்க்குப் பொருந்த வேண்டும். பெரும்பாலும் 6 அங்குலம். குழாயைச் சுற்றி செராமிக் கம்பளி போர்த்தினால் புகை சூடாகவே மேலேறும்.

புகைபோக்கியின் கழுத்தில், புகைவழியைத் திறந்து மூட இருக்கும் டேம்பர் தகட்டை முதலில் கழற்றுங்கள், அல்லது குழாய் நுழையும் அளவுக்கு வெட்டுங்கள். அப்புறம் ஒருவர் கூரையிலிருந்து குழாயை இறக்க, இன்னொருவர் கீழிருந்து கயிற்றால் மெல்ல இழுக்க வேண்டும். உச்சியில் மூடுதகட்டை உயர்வெப்ப சிலிக்கானால் ஒட்டி, குழாயைக் கவ்வி, மழை இறங்காமல் தொப்பி போடுங்கள். உயரம் பழக்கமில்லை என்றால் இந்தப் பகுதியைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அதில் வெட்கமே இல்லை.

4. பலரும் விட்டுவிடும் தகடு

டேம்பர் இருந்த இடத்தில், குழாயைச் சுற்றி இடைவெளி இருக்கும். அதை ஒரு உலோகத் தகட்டால் அடைத்து, அதன் மேல் பாறைக் கம்பளி வைக்க வேண்டும். முதல் குளிர்காலத்தில் நான் இதை விட்டுவிட்டேன். மாடியில் புகைபோக்கி ஓடும் சுவர் இதமாக இருந்தது; கீழே நான் போர்வையோடு உட்கார்ந்திருந்தேன். தகடு போட்டதும் அதே விறகில் அறை சூடாகிவிட்டது.

5. பெட்டி

இன்சர்ட்டின் எடை 150 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். கதவு, தீச்செங்கல், உள்ளே மேல்பக்கம் இருக்கும் தடுப்புப் பலகை எல்லாவற்றையும் கழற்றினால் கணிசமாகக் குறையும். தரையில் ஒட்டுப்பலகை விரித்து, இரண்டு மூன்று பேராகத் தள்ளுங்கள். மட்டம் பார்த்து, லைனரின் முனையைப் புகைவாயில் செருகி, ஸ்டெயின்லெஸ் திருகுகளால் இறுக்குங்கள். அசைத்துப் பாருங்கள், ஆடவே கூடாது. முகப்புச் சட்டத்தை மாட்டும் முன், கொஞ்சம் காகிதம் கொளுத்தி எங்காவது புகை கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டிவரும்.

6. முதல் நெருப்பு

அதற்கு முன்பே கார்பன் மோனாக்சைடு அலாரமும் புகை அலாரமும் மாட்டியிருக்க வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

முதல் இரண்டு மூன்று முறை சின்ன நெருப்பாகவே போடுங்கள். பூச்சு இறுகும்போது நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஈரமானியைப் புதிதாகப் பிளந்த பக்கத்தில் குத்திப் பாருங்கள், வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்த மாதிரிதான் காட்டும். பற்றவைத்ததும் புகை அறைக்குள் திரும்பினால் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். அது வீட்டுக் காற்றை வெளியே இழுப்பதால், பல நேரம் குற்றவாளி அதுதான்.